விளக்கு ஆடிய நேரம்

சோவியத் நாட்டின் கர்கராலி மலையடியில் கமாஷுக்குக் கருவிக் குடிலைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்ததே, தனியாக இருக்கத் தெரிந்தவள் என்பதால்தான். கணவன் இறந்துபோயிருந்தான். ஒரே மகள் அல்மா-அட்டா நகரத்தில் வாழ்க்கைப்பட்டு, கடிதத்தையும் குறைத்துக்கொண்டாள்.

1986 கோடையில் அமெரிக்க நில அதிர்வு ஆய்வாளர்கள் வந்து, சோவியத் விஞ்ஞானிகளோடு சேர்ந்து அங்கே நில அதிர்வைப் பதியும் கருவி புதைத்தார்கள். தூரத்துத் திடலில் அணுகுண்டு சோதித்தால் கருவியின் பேனா முள் காகிதத்தில் காட்டிக்கொடுத்துவிடும். ஒளித்துச் செய்ய முடியாது என்று நிரூபித்துவிட்டால் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்கு வழி பிறக்கும். அப்போது சோவியத் தரப்பு சோதனையை நிறுத்தி வைத்திருந்தது.

அடுப்பு அணையாமல் பார்ப்பதும் காகிதச் சுருள் மாற்றுவதும் கமாஷின் வேலை. ஆடு, குதிரை, வண்டி எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. ஆள் நடந்தாலே முள் துள்ளும்.

“காலையில மூணு தடவை கிணத்துக்குப் போனீங்களாம்?” காகிதச் சுருளைப் பார்த்து அமெரிக்கர் லோவெல் கேட்டதை எஞ்சினியர் எர்போலத் மொழிபெயர்த்தான்.

“ரெண்டுதான். மூணாவது அவரோட பூட்ஸுன்னு சொல்லு.”

லோவெல் விழுந்து விழுந்து சிரித்தார். தான் நடப்பதையும் ஒருவர் கவனிக்கிறார் என்பது கமாஷுக்கு அன்று முழுக்க இனித்தது.

அடுத்த பிப்ரவரியில் லோவெலை அதிகாரிகள் நகரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எர்போலத் மட்டும் வந்து கருவியை நிறுத்தினான்.

“மறுபடி வெடிக்கப் போறாங்க அக்கா. அது முடியுற வரைக்கும் இது ஓடக்கூடாதுன்னு உத்தரவு.”

“அப்புறம் எதுக்குப் பொதச்சீங்க?”

“என்னைக் கேட்டா? நான் ஸ்விட்ச் போடுற ஆளு.”

மறுநாள் காலை கமாஷ் பால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். உத்தரத்தில் தொங்கிய விளக்கு மெல்ல ஆடியது. கதவு சாத்தித்தான் இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, வெறுங்காகிதத்தில் பென்சிலால் மணி, நிமிடம், விநாடி எழுதினாள். கூப்பிட்டுச் சொல்ல ஒருவருமில்லை.

மூன்று நாள் கழித்து வந்த எர்போலத் அதை இரண்டு முறை படித்தான்.

“சரிதானா?” என்றாள்.

“ரொம்பச் சரி. அதான் பயமா இருக்கு. எழுதுனது தெரிஞ்சா உங்களை இங்க விட்டுவைக்க மாட்டாங்க.”

காகிதத்தை அடுப்பில் போட்டான். அவள் தடுக்கவில்லை. அதன்பின் விளக்கு ஆடியபோதெல்லாம் மனதுக்குள்ளேயே நேரம் குறித்துக்கொண்டாள்.

லோவெல் குழு வேறு இடத்துக்கு மாறிப்போனது; கமாஷ் அங்கேயே தங்கிவிட்டாள். 1991 ஆகஸ்டில் அணுகுண்டு சோதனைத் திடலையே மூடிவிட்டதாக வானொலி சொன்னது. யாரிடமாவது சொல்லவேண்டும் போல, கமாஷ் சட்டென்று எழுந்து கதவைத் திறந்தாள். கண்ணெட்டும் மட்டும் காய்ந்த புல். உள்ளே வந்து, வானொலியின் ஒலியைக் கூட்டி வைத்தாள்.