இரண்டாவது ஆமை

இரண்டாவது ஆமையை அக்காவின் வீட்டுக்குக் கொண்டுபோனவன் நான். யாரும் என் கையை முறுக்கவில்லை. நான் இருக்கும் ஸ்ரௌவ்விலிலிருந்து அவள் இருந்த ஸ்காபரோ வரைக்கும் அதை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து, பெட்டிக்கு சீட் பெல்ட்டும் போட்டு, ஏதோ புண்ணியம் செய்யப் போகிறவன்போலப் பாட்டுக் கேட்டுக்கொண்டு போனேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையவேண்டும் போலிருக்கிறது.

அக்கா அத்தானைவிட்டுப் பிரிந்து அப்போது ஒன்றரை வருடம். அவர் அடித்தாரா? இல்லை. குடித்தாரா? அதுவும் இல்லை. அதனால்தான் எங்கள் ஒருவருக்கும் விஷயம் விளங்கவில்லை. அக்கா ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருந்தாள். அத்தான் தன் வேலை முடிந்ததும் வந்து எதிரே காரை நிறுத்திவிட்டு, அவள் முடிக்கும்வரை கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் போனில் கதைத்தால் பக்கத்தில் வந்து உட்காருவார். கலியாண வீடுகளில் பெண்கள் கூடியிருக்கும் இடத்துக்கும் போய் அவளுடைய கதிரைக்குப் பின்னால் நிற்பார். "குடுத்து வைச்சவள்" என்று சனம் சொன்னது. நானும் சொன்னேன். ஒருநாள் அவள் ஒரேயொரு சூட்கேசுடன் வெளியேறினாள். வேலையையும் மாற்றிக்கொண்டு, ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் ஒற்றை அறை வீடு எடுத்தாள். விலாசத்தை எனக்கு மட்டும் தந்தாள்.

"ஒருத்தருக்கும் சொல்லாதை. என்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணினேன்.

முதல் ஆமை அவளுக்கு அந்த வீட்டில்தான் வந்து சேர்ந்தது. புது வேலையில் பழகிய பெண் ஒருத்தி வன்கூவருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனாள். பாதித் தேங்காயளவுதான் இருக்கும். அக்கா ஒரு பழைய புத்தக அலுமாரியை நிலத்தில் மல்லாக்கக் கிடத்தி, தென்னந்தும்புத் தூள் நிரப்பி, மேலே சூட்டு விளக்குக் கட்டி, அதற்கு வீடு செய்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தூக்கிச் சமையலறைத் தராசில் வைப்பாள். தமிழ்க் கடையில் கொடுத்த நாட்காட்டியில் நிறையை எழுதுவாள். அறுநூற்றுப் பத்துக் கிராம் என்று சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். நான் அந்தச் சிரிப்பைக் கவனித்திருக்கவேண்டும். ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு மனுஷி ஆமையோடு கதைக்கும் நிலைக்கு வந்துவிட்டாள் என்பதுதான்.

அத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். சோற்றைப் பிசைந்தபடி அழுவார். ஆம்பிளை அழுதால் நான் உருகிவிடுவேன், அது என் வியாதி. விலாசத்தைச் சொல்லவில்லை. ஆனால் வாய் சும்மா கிடக்குமா? அக்கா ஆமை வளர்க்கிறாள் என்று உளறிவிட்டேன்.

"தனியவோ நிக்குது? பாவமெல்லே" என்றார்.

அடுத்த ஞாயிறு அட்டைப்பெட்டியுடன் வந்தார். உள்ளே அதே இனம், ஒன்றரை மடங்கு பெரியது. "நான் தந்ததெண்டு சொல்லாதையும் தம்பி. துணையா இருக்கட்டும், அவ்வளவுதான்."

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நம் ஆட்கள் சொல்வது எல்லோருக்கும் தெரியும். அத்தான் போனபின் என் மனைவி பெட்டியைப் பார்த்துப் பதறிவிட்டாள். "முதல்லை உதை வீட்டை விட்டு வெளியாலை கொண்டுபோங்கோ!" என்று கத்தினாள். நான் யோசிக்கவே இல்லை. அரைமணி நேரத்தில் மார்க்கம் வீதியில் போய்க்கொண்டிருந்தேன்.

"என்னடா உது?" என்றாள் அக்கா கதவைத் திறந்து.

"துணை. உன்ரை ஆமை தனிய நிண்டு காயுது."

"அது தனிய இருக்கிற பிராணியடா. நான் வாசிச்சனான். மற்றதைக் கண்டால் அதுக்கு ஆகாது."

"உனக்கென்ன விசரே? உலகத்திலை ஆருக்குத் தனிய இருக்க விருப்பம்?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பெட்டியை வாங்கிக்கொண்டாள். இதே வசனத்தை அவளுக்கு நாங்கள் எல்லோரும் ஒன்றரை வருடமாக மாறி மாறிச் சொல்லிவந்தோம். எதிர்த்துச் சொல்லிக் களைத்துப்போயிருப்பாள் என்று நினைக்கிறேன்.

இரண்டு கிழமை கழித்துப் போனேன். பெரியது சின்னதின் பின்னாலேயே திரிந்தது. சின்னது மூலைக்குப் போனால் மூலைக்கு, விளக்கடிக்கு வந்தால் விளக்கடிக்கு. சின்னது மரக்கட்டைக்குக் கீழே புகுந்து படுத்தால், இதுவும் நெருக்கிப் புகுந்து அதன் முதுகில் ஏறிக் கிடந்தது. இலை போட்டால் குறுக்கே வந்து நின்றது. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. போனை எடுத்து வீடியோ பிடித்தேன். 'பாசத்தைப் பாருங்கோ' என்று எழுதிக் குடும்பக் குழுவுக்கு அனுப்பினேன். அத்தானுக்குத் தனியாகவும் அனுப்பினேன். கைகூப்பிய படம் ஒன்று பதிலாக வந்தது.

நாட்காட்டியில் நிறை இறங்கிக்கொண்டு வந்தது. ஐந்நூற்றுத் தொண்ணூறு. ஐந்நூற்று அறுபது. "குளிருக்கு அப்பிடித்தான்" என்றேன், நான்தான் பெரிய மிருக வைத்தியன்போல.

பெப்ரவரியில் ஒரு ஞாயிறு காலை. நான் உள்ளே போனதும் அக்கா சின்னதைத் தூக்கிக் காட்டினாள். பின்னங்காலில் கடித்த காயம், சதை தெரிந்தது. கண்ணை மூடியே வைத்திருந்தது. நான்கு நாட்களாக ஒன்றும் தின்னவில்லை என்றாள். வைத்தியரிடம் காட்டியிருக்கிறாள். பெரியதை உடனே பிரிக்காவிட்டால் செத்துப்போகும் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

"சரி, பிரிப்பம்" என்றேன்.

"இஞ்ச வா. கீழை பார்."

ஜன்னலுக்குப் போனேன். கீழே கார் நிறுத்துமிடம். இரவு கொட்டிய பனி எல்லாக் கார்களின் கூரையிலும் ஒரு சாண் உயரத்துக்கு இருந்தது. ஒரேயொரு வெள்ளி நிறக் காரில் மட்டும் பனி இல்லை. அதன் வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. அது எங்கள் வீட்டு வாசலில் ஞாயிறு தவறாமல் நிற்கிற கார்.

"மூண்டு கிழமையா நிக்குது" என்றாள் அக்கா. "நான் பஸ்சுக்குப் போகேக்கையும் நிக்கும், வரேக்கையும் நிக்கும். இறங்கிறேல்லை. ஒண்டும் சொல்லுறேல்லை. பாத்துக்கொண்டு இருக்கிறார்."

"பொலிசுக்குச் சொல்லேல்லையோ?"

"என்னெண்டு சொல்ல? ஒரு கார் நிக்குது எண்டோ?"

அவள் தன் போனை எடுத்து நான் அனுப்பிய வீடியோவை ஓடவிட்டாள். கடைசி நாலு செக்கன் நான் போனைத் தூக்கியிருந்தேன். ஜன்னல் தெரிந்தது. ஜன்னலுக்குள் எதிர் பிளாசாவின் பெயர்ப்பலகை, எழுத்துக்கூட்டி வாசிக்கலாம்.

"இந்த ஆமையை ஆர் தந்தது?"

"அத்தான்."

அவள் ஏசியிருந்தால் நான் தப்பியிருப்பேன். ஏசவில்லை. பெரியதைத் தூக்கி, நான் கொண்டுவந்த அதே அட்டைப்பெட்டியில் வைத்து என் கையில் தந்தாள். "நீ பாசம் எண்டு சொன்னது உதைத்தான். எனக்கும் உதைத்தான் சொன்னனி" என்றாள்.

கீழே இறங்கிப்போய்க் கார்க் கண்ணாடியில் அடித்தேன். இனி என் வாசற்படியை மிதிக்கவேண்டாம் என்று கத்தினேன். அத்தான் கண்ணாடியை இறக்கிச் சிரித்தார். "எனக்கு அவவிலை கோபமில்லை, தம்பி" என்றார். என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். "அப்ப மற்றது இனித் தனியவோ?" என்றார். ஐயோ, அந்தக் குரலில் இருந்த இரக்கம்! அதைத்தான் நான் அத்தனை ஞாயிறும் சோறு போட்டுக் கேட்டிருந்தேன்.

மார்ச் முடியமுன் அக்கா வீடு மாறினாள். இம்முறை விலாசத்தை எனக்கும் தரவில்லை. மாதம் ஒரு படம் மட்டும் வரும்: தராசின்மேல் சின்ன ஆமை. ஐந்நூற்று நாற்பது. ஐந்நூற்று எழுபது. ஜூலையில் அறுநூற்று இருபது. ஒரு வார்த்தையும் இருக்காது. எனக்கு அதுவே போதும் என்று இருந்தேன்.

பெரியது எங்கள் நிலவறையில் நிற்கிறது. மனைவி முதலில் துள்ளினாள், பிறகு விட்டுவிட்டாள். தனியாக விட்டபின் அது யாரையும் துரத்தவில்லை, எதையும் தேடவில்லை. தின்கிறது, விளக்கடியில் படுக்கிறது. அதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கொண்டுபோய்ச் சேர்த்தது நான்.

ஓகஸ்டில் படத்தோடு ஒரு விலாசமும் வந்தது. 'ஞாயிறு சாப்பிட வா. தனிய வா.' காரை நிறுத்தி வைத்துக்கொண்டு அழுதேன், வெட்கமில்லாமல் எழுதுகிறேன். ஞாயிறு காலை வீட்டுத் தோட்டத்தில் சின்னதற்கென்று டாண்டிலையன் களையின் இலையாகப் பார்த்துப் பிடுங்கி ஒரு பைக்குள் போட்டேன். மார்க்கம் வீதியில் இறங்கி இரண்டாவது சிக்னலில் நின்றபோது கண்ணாடியில் பார்த்தேன். மூன்று காருக்குப் பின்னால் வெள்ளி நிறம்.

தற்செயல் என்று சொல்லிக்கொண்டேன். ஒரு பிளாசாவுக்குள் திரும்பினேன். அதுவும் திரும்பியது. கடைக்குள் போய்த் தேவையில்லாத ஒரு மூட்டை அரிசி வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தக் கார் தூரத்தில், என்ஜின் ஓட, நின்றது. நான் அக்காவிடம் புறப்படும் ஞாயிறுக்காக அவர் எத்தனை கிழமையாகக் காத்துக்கிடந்தாரோ!

வீட்டுக்குத் திரும்பினேன். விலாசத்தை அழித்தேன். 'வரேல்லை அக்கா. பின்னாலை வாறார். இனி எனக்கு ஒண்டும் அனுப்பாதை, படமும் வேண்டாம்' என்று எழுதினேன். கன நேரம் கழித்து 'ஓம்' என்று வந்தது.

நிலவறைக்குப் போய், சின்னதற்கென்று பிடுங்கிய இலையைப் பெரியதற்குப் போட்டேன். மேலே ஏறி வந்தபோது ஜன்னலடியில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். "இஞ்சருங்கோ, உங்கடை அத்தான்ரை கார் எங்கடை வீட்டுக்கு எதிரை நிக்குது" என்றாள்.