ஒரு நிரை போதும் என்றவர்

அடிவாரத்தில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் போன் வந்தது. "டீச்சர், அப்பா காலையில தவறிட்டாருங்க" என்றாள் எஸ்டேட் ரைட்டர் அந்தோணிசாமியின் மகள். மலை ஏறும் வரை அழுதேன். கொண்டை ஊசி வளைவில் எனக்குக் குமட்டுகிறது என்று நினைத்து, பக்கத்து இருக்கை அம்மாள் எலுமிச்சம்பழம் நீட்டினார். ரைட்டர் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

காபி எஸ்டேட்டில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தவராக அவரை உங்களுக்கெல்லாம் தெரியும். என் ஆராய்ச்சியைக் காப்பாற்றியவர் என்பது பலருக்குத் தெரியாது.

பள்ளிக்கூட வேலையோடு முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தேன். தலைப்பு, 'சேர்வராயன் மலை மக்களின் வாழ்வும் வேளாண்மையும்'. பரந்து கிடக்கிறது என்று பல்கலைக்கழக ஆய்வுக் குழு இரண்டு முறை திருப்பியது. மூன்றாம் முறையும் தேறாவிட்டால் பதிவு ரத்து. நானோ பயத்தில் ஒவ்வொரு முறையும் இன்னும் நாலு ஊரைச் சேர்த்துக்கொண்டிருந்தேன்!

மேலும் தகவல் கேட்க எஸ்டேட்டுக்குப் போனபோது பழம் பறிப்பு நடந்தது. ஆளுக்கு ஒரு நிரை, அதாவது ஒரு வரிசைச் செடி. ஒரு பெண் தன் நிரையைப் பாதியில் விட்டு, பழம் நிறைந்த பக்கத்து நிரைக்குத் தாவினாள். "ஏனுங்க, உங்க நிரைய முடிச்சுட்டு அங்க போங்க" என்று சத்தம் போட்ட ரைட்டர், என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் அதைத்தானுங்க பண்றீங்க டீச்சர். நொம்ப ஆசை. மலையையே கூடையில போட்டா தூக்க முடியுமுங்களா?"

சுருக்கென்றது. "அப்போ எதை எழுத? நீங்களே சொல்லுங்க" என்று வெடித்தேன்.

"நான் சொல்ல மாட்டேனுங்க. போன ஊட்டுலயெல்லாம் திரும்பத் திரும்ப எதக் கேட்டீங்களோ, அத எழுதுங்க."

வீட்டில் நோட்டுகளைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: இருந்த மரங்களை வெட்டிவிட்டு, காபிக்கு நிழல் தர வேறு மரங்களை வைத்தவர்கள், பழைய பலாவை மட்டும் ஏன் வெட்டவில்லை? ஒரு ஊர், ஒரு மரம், ஒரு கேள்வி. தலைப்பை அப்படியே மாற்றிக் கொடுத்தேன்; குழு அன்றைக்கே ஒப்புக்கொண்டது.

பொது வாய்மொழித் தேர்வுக்கு ரைட்டர் வெள்ளைச் சட்டையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பார்வையாளர்களும் கேட்கலாம் என்றதும் எழுந்தாரே பார்க்கணும்! "மலையில இத்தன ஊர் இருக்குது. ஒரே ஊர எழுதினா போதுமுங்களா டீச்சர்?"

அடப் பாவி மனுஷா! நிமிர்ந்து சொன்னேன்: "போதுமுங்க ரைட்டர். என் நிரையில ஒரு பழம்கூட விடலைங்க."

தேர்வாளரே சிரித்துவிட்டார். கைதட்டல் ஓய்ந்த பிறகும் ரைட்டர் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். பட்டம் வாங்கியது நான். ஜெயித்த முகம் அவருக்கு.

இந்த நினைவு மலருக்கு அவருடைய வாழ்க்கை முழுவதையும் எழுதித் தரச் சொன்னார்கள். பத்துப் பக்கம் எழுதிக் கிழித்தேன். அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது இந்த ஒரு நிரைதான். வந்து பாருங்க ரைட்டர், எங்காவது பழம் விட்டிருக்கிறேனா?