இருபத்திரண்டு மாவிலை அகலம்

அக்கா ஓமலூரிலிருந்து ஆடிக்கு வந்தபோது கொண்டுவந்த பொருள்களை அன்றே ஒரு தாளில் எழுதிவைத்தேன். எதையும் எழுதிவைப்பது பள்ளி விடுதியில் எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. தகரப் பெட்டி ஒன்று. சேலை நான்கு, அதில் பட்டு ஒன்று. ரவிக்கை ஐந்து. சீப்பு, ஈர் வாரும் ஈருளி, சாந்துச் சிமிழ். பிஸ்கட் டப்பா ஒன்று, அதற்குள் உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகள்.

டப்பாவைத் திறந்து பார்த்து அம்மா சிரித்தாள்.

“ஒடைஞ்ச வளையல எதுக்குடி பொத்திப் பொத்திக் கொண்டாந்தே? அவுங்க ஊட்டுல குப்பமேடு இல்லயா?”

“நாலு வருசத்து வளையலும்மா. வெச்சிருந்தேன்.”

அந்த நான்கு வருஷமும் அவளுக்குக் குழந்தை இல்லை. புதுப்பெண்ணைத்தான் ஆடிக்கு அனுப்புவார்கள். நான்கு வருஷம் குடித்தனம் செய்தவளை அனுப்புவானேன் என்று நாங்கள் அப்போதே கேட்டிருக்க வேண்டும். “ஆடிக்குப் போயிட்டு வா, அவன் வந்து கூட்டிக்குவான்” என்று மாமியார் சொன்னதாக அக்கா சொன்னாள். எங்கள் பக்கத்தில் அப்படி அனுப்பப்பட்டவள் தானாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போக முடியாது. அந்த வீட்டு ஆள் ஒருவர் வந்து அழைக்க வேண்டும். அதனால் அக்கா பெட்டியைக் காலி செய்யவில்லை. ஒரு சேலையை எடுப்பாள், துவைப்பாள், உலர்ந்ததும் மடித்து மறுபடி பெட்டிக்குள் வைப்பாள். பெட்டி வாசலை ஒட்டிய சுவரோரம் இருந்தது.

ஆவணி வந்தது. தெருக் கிணற்றடியில் ஒருத்தி அம்மா காதில் விழும்படி சொன்னாள்: “ஓமலூர்ப் பஞ்சாங்கத்துல ஆடி இன்னும் முடியலயாட்ட இருக்குது.” எல்லாரும் சிரித்தார்கள். அம்மா பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அப்பா இரண்டு முறை போய்வந்தார். யுத்த காலம். பெட்ரோலுக்குப் பதில் கரி வாயுவில் ஓடிய மோட்டார் பஸ் நின்று நின்று போகும். முதல் முறை மோர் கொடுத்தார்களாம். இரண்டாம் முறை உட்காரச் சொல்லவில்லை. அதைச் சொல்லிவிட்டு அவர் தறிக்குழிக்குள் இறங்கிவிட்டார். பொழுது சாயும் வரை தறிச்சத்தம் ஓயவில்லை.

நான் தையலிலும் சித்திரத்திலும் அரசாங்கத் தொழில் பரீட்சையில் கீழ்நிலை தேறியவள். அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கைவேலை கற்றுக்கொடுத்தேன். யுத்தத்தினால் துணி, தாள், மண்ணெண்ணெய் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. ஆகவே வீட்டில் வீணாகும் பொருள்களைக் கொண்டு வேலை செய்யச் சொல்லிப் பள்ளியில் உத்தரவு. தறியில் கழிந்த நூலில் சுவர்ப்பை. பழைய தாளை வெந்தயத்தோடு ஊறவைத்து இடித்து, கவிழ்த்த பானைமேல் அப்பிக் காயவைத்த கூடை. தீப்பெட்டி ஓட்டில் சிற்றலமாரி. இவற்றில் நல்லதாக வந்தவற்றை நான் தெரிந்த வீடுகளில் விற்றும் இருந்தேன்.

அக்காவின் வேலை இதில் எதையும் சேர்ந்ததல்ல. ஒரு நாள் உச்சிவேளையில் கதவைச் சாத்திக்கொண்டு, பிஸ்கட் டப்பாவோடு விளக்கின் முன் உட்கார்ந்தாள். காற்று பட்டால் சுடர் ஆடும் என்பதால் கதவு சாத்த வேண்டும். மண்ணெண்ணெய் கூப்பனுக்குத்தான் கிடைத்தது. விளக்கெண்ணெய்தான் ஊற்றினாள். சுடரைச் சிறு பித்தளைக் குழாயால் ஊதி ஒரு பக்கமாகச் சாய்த்து, அதில் வளையல் துண்டைக் குறட்டால் பிடித்துக் காட்டினாள். கண்ணாடி சிவந்து தளர்ந்ததும் இரு முனைகளையும் வளைத்துச் சேர்த்தாள். ஒரு சிறு வளையம் ஆயிற்று. அதற்குள் அடுத்த துண்டை நுழைத்து அதையும் வளைத்தாள். இப்படியே சங்கிலி நீளும். சங்கிலிகளை வரிசையாக ஒரு கயிற்றில் தொங்கவிட்டால் வாசல் தோரணம்.

முதல் மூன்று நாள் பாதி வளையங்கள் ஆறும்போதே ‘டக்’கென்று விரிசல் விட்டுப்போயின. பிறகு அவளாகவே அடுப்புச் சாம்பலை வெதுவெதுப்பாக ஒரு சட்டியில் எடுத்துவந்து, செய்தவற்றை அதற்குள் புதைத்து மெல்ல ஆறவிட்டாள். அதற்குப் பிறகு விரிசல் விடவில்லை. பச்சை சீக்கிரம் இளகும், கறுப்பு பிடிவாதம், சிவப்பு தீயில் மங்கும், பொன்வரி போட்டதில் பொன் போய்விடும் என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டேன். அவள் விரல் நுனிகளில் கொப்புளங்கள் எழும்பி, காய்ந்து, தடித்துப்போயின. முதல் தோரணத்தை எங்கள் வாசலிலேயே கட்டினோம்.

அதை வளையல்காரர்தான் முதலில் பார்த்தார். மாதம் ஒருமுறை, தோளில் வளையல் சரங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு எங்கள் தெருவுக்கு வருபவர். நின்று, தலையை அண்ணாந்து, வாயைத் திறந்தபடி பார்த்தார்.

“ஏனுங்கம்மா, நான் ஒடையாம சுமக்கறதுக்கு இந்தப் பாடு படறேன். நீங்க ஒடைஞ்சதுல அரமண கட்டிப்போட்டீங்களே!”

“அரமணைக்கு ஆள்தான் இல்லீங்க” என்றாள் அம்மா.

அவர் சிரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். சீமைக் கண்ணாடி வருவதில்லை. கல்யாண வீடுகளில் வாசல் ஜோடனைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. வழியில் உடையும் வளையலை அவர் கொண்டுவந்து தருவார். தோரணங்களை எடுத்துப் போய் விற்றும் தருவார். சாவு வீட்டில் உடைத்த துண்டு ஒன்றுகூடக் கலக்காது, அதற்கு அவர் பொறுப்பு.

“ஆனா ஒண்ணுங்க. கல்யாண ஊட்டு நெலைல தொங்கற சாமான். யாரு செஞ்சதுன்னு கேப்பாங்க.” அக்காவைப் பார்க்காமல் சாம்பல் சட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவள் பிறந்தகத்தோடு இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள் என்று அவர் கேட்டதில்லை. “பரீச்ச பாஸ் பண்ணுன டீச்சரம்மா செஞ்சதுன்னு சொல்லிக்கறேனே?”

“அப்பிடியே சொல்லுங்க” என்று அம்மா முந்திக்கொண்டாள். நானும் தலையாட்டினேன். அக்கா குழாயை எடுத்து விளக்குச் சுடரை ஊதிச் சாய்த்தாள். அந்தத் தலையாட்டலைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் நான் எதையும் கொடுப்பேன்.

வாழப்பாடி வரைக்கும் தோரணங்கள் போயின. அளவு நூலில் வரும். வாங்குகிறவர்கள் வாசல்நிலையின் அகலத்துக்கு ஒரு நூலைப் பிடித்து, இரு முனையிலும் முடிச்சுப் போட்டு அனுப்புவார்கள். நான் அதை நாடாவால் அளந்து அங்குலத்தில் எழுதுவேன். அக்கா என் எழுத்தைக் கேட்டதே இல்லை. நூலைத் தரையில் நீட்டி, கையால் தடவிப் பார்த்துக்கொள்வாள்.

மார்கழியில் வளையல்காரர் ஒரு நூல் கொண்டுவந்தார். “ஓமலூருங்க. தை முகூர்த்தம், மாப்பிள்ள ஊடு. நல்லதாச் செய்யச் சொன்னாங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். ஓமலூர் என்றதும் எனக்கு ஒரு கணம் துணுக்கென்றது. ஓமலூரில் ஒரு வீடுதானா இருக்கிறது என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

அக்கா நூலை நீட்டினாள். வலது கையின் மூன்று விரல்களைச் சேர்த்து அதன்மேல் வைத்து வைத்து நகர்த்திக்கொண்டே போனாள். முடிச்சு வந்ததும் நிறுத்தினாள்.

“நாப்பத்தி நாலு அங்குலம்” என்றேன் நான்.

“இருவத்திரெண்டு” என்றாள் அவள்.

ஏதோ அவளுடைய கணக்கு என்று விட்டுவிட்டேன்.

பன்னிரண்டு நாள் செய்தாள். அவள் செய்ததிலேயே அழகானது அதுதான். முடிந்ததும் தரையில் பரப்பி, வழக்கம்போல ஒவ்வொரு சரமாக நாடா பிடித்தேன். வலமிருந்து இடமாகப் போகப் போகச் சரங்களின் நீளம் குறைந்துகொண்டே வந்தது.

“அக்கா, கோணலா இருக்குது. இடது கோடி மூணு விரக்கடை கம்மி.”

“இருக்கட்டும்.”

“ரெண்டு வளையம் சேத்தா நேராயிரும். குடு, நானே...”

“சேக்காதே. அந்த ஊட்டு நெலை இடது பக்கம் எறங்கியிருக்குது. அப்பிடிச் செஞ்சாத்தான் தொங்கறப்போ அடி ஓரம் நேரா நிக்கும்.”

“எந்த ஊட்டு நெலை?”

அவள் சாம்பலைக் கையால் நிரவினாள்.

“இருவத்திரெண்டு மாவெல புடிக்கற நெலை. நாலு வருசம் நாந்தானே எல கோத்தேன். அவுரு முக்காலி மேல ஏறிக் கட்டுவாரு. நான் கீழ நின்னு, ‘இடது பக்கம் ஏத்துங்க, இன்னுங் கொஞ்சம் ஏத்துங்க’ன்னு சொல்லோணும். ஒரு தடவைல ஏத்த மாட்டாரு. எறங்கி வந்து பாத்து, அப்பறம் மறுபடி ஏறுவாரு.” சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நான் தோரணத்தை வாரி எடுத்தேன். சுவரில் அடித்து நொறுக்க வேண்டும் என்றிருந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். தடித்த விரல்கள். பிடி இறுகியிருந்தது.

“வெய்யி.”

“உன் ஊட்டு வாசலுக்கு வேற ஒருத்தி வாரா, அவளுக்கு நீ தோரணம் கட்டுவியா?”

“அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு?”

பிறகு அவள் செய்த காரியத்தை நான் உதவிக்கு உட்கார்ந்து பார்த்தேன். தோரணத்தில் அவளுடைய டப்பாத் துண்டுகள் சில கலந்திருந்தன. நூல் வருவதற்கு முன்பே செய்துவைத்திருந்த சரங்களில் இருந்தவை. ஒவ்வொன்றாகத் தேடினாள். இது என் முகூர்த்தப் பச்சை, இது பொங்கலுக்குப் போட்டது, இது கிணற்றுக் கல்லில் பட்டு உடைந்தது என்று சொல்லிச் சொல்லி விளக்கில் இளக்கி எடுத்தாள். வாழாத என் வளையல் ஒரு சின்னப் பெண்ணின் தலைக்கு மேலே ஆட வேண்டாம் என்றாள். பதினோரு வளையங்கள். அந்த இடங்களில் வளையல்காரர் கொடுத்த துண்டுகளைச் சேர்த்தாள். இடது கோடியை மட்டும் தொடவில்லை.

“அப்போ அத எதுக்குக் கொறச்சலா விடறே? கோணலாவே தொங்கட்டுமே” என்றேன்.

பதினோரு வளையங்களையும் டப்பாவில் போட்டு மூடிவிட்டுச் சொன்னாள். “கட்டறப்போ அவுருக்குத் தெரியும். யாரும் கீழ நின்னு சொல்லாமயே நேரா நிக்குதேன்னு தெரியும்.”

தெரிந்தால் வருவார் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அம்மாவிடமும் அப்பாவிடமும் சொல்லாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்பா மூன்றாம் முறை பஸ் ஏறியிருப்பார், ஏதாவது நடந்திருக்கலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

தோரணத்தை வைக்கோலில் சுற்றிக் கூடையில் வைத்து வளையல்காரர் எடுத்துப் போனார். முகூர்த்தத்துக்கு முந்தின நாள், வாசல் ஜோடிக்கும் நாள், அக்கா காலையிலேயே தலைக்குக் குளித்தாள். பெட்டியைத் திறந்து பட்டுச்சேலையை அடியிலிருந்து எடுத்து மேலே வைத்தாள். கதவைச் சாத்தவில்லை, விளக்கையும் ஏற்றவில்லை. நான் பள்ளிக்குப் போகாமல் கூடவே இருந்தேன். தெருமுனையில் பஸ் நிற்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் சேலை மடிப்பைச் சரிசெய்தாள். அன்று நான்கு பஸ் நின்றது.

“இன்னிக்கு என்னடி ரெண்டு பேரும் சும்மாவே குந்தியிருக்கீங்க?” என்று அம்மா கேட்டாள்.

ஐந்தாம் நாள் வளையல்காரர் வந்தார். வரும்போதே குரல் கொடுத்தார்.

“சாமி, உங்க தோரணத்துக்கு அப்பிடி ஒரு பேரு! வளையல் போடப் போனவன், கிட்டவே நின்னு பாத்தேன். அளவெடுத்துக் கட்டுனாப்பல நின்னுச்சு.”

“யாரு கட்டுனது?” என்றாள் அக்கா.

“மாப்பிள்ளயே. நாந்தாங் கட்டுவேன்னு முக்காலி போட்டு ஏறிட்டாரு. ரெண்டு கோடியும் முடிஞ்சாரு, ஒரே தடவை. ஏத்தவும் வேண்டியதில்ல, எறக்கவும் வேண்டியதில்ல.”

“அப்பறம்?”

“அப்பறம் என்னங்க? அங்கயே நின்னுட்டாரு. அந்த இடது கோடியப் புடிச்சிட்டு, சும்மா நின்னாரு. பொம்பளைங்க விடுவாங்களா? ‘மாப்பிள்ளைக்கு எறங்கப் பயமாட்ட இருக்குது, தூக்கி எறக்குங்க’ன்னு ஒரே கேலி. நானுஞ் சிரிச்சுப்போட்டேன்.”

“ஒண்ணுஞ் சொல்லலீங்களா?”

“சொன்னாரு. ‘அளவு சரியா இருக்குது’ன்னாரு. எறங்கிப் போய்க் கை கழுவிட்டாரு.”

“வேற?”

“வேற என்ன சொல்லோணுங்கம்மிணி? அளவு சரின்னா அதவிட என்ன வேணும்?”

அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பெருமையோடு கேட்டாள். “ஓமலூர்ல எந்தத் தெருங்க?”

அவர் தெருவைச் சொன்னார். வீட்டுக்காரர் பெயரையும் சொன்னார். முறம் நின்றது. அவர் அதைக் கவனிக்காமல் குனிந்து, புதிதாகக் கொண்டுவந்த உடைசல் மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போன பிறகு அக்கா எழுந்து சுவரோரம் இருந்த தகரப் பெட்டியை நடுவீட்டுக்கு இழுத்துவந்தாள். சேலைகளை எடுத்து எங்கள் கொடியில், என் சேலைகளுக்குப் பக்கத்தில் போட்டாள். சீப்பும் சிமிழும் மாடத்துக்குப் போயின. அந்தப் பதினோரு வளையங்கள் இருந்த பிஸ்கட் டப்பாவை மாடத்தின் உள்மூலையில் தள்ளிவைத்தாள். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். கொஞ்சம் தூசியும் ஒரு காய்ந்த மாவிலையும் விழுந்தன. வளையல்காரரின் மூட்டையை அதற்குள் கொட்டினாள். தகரத்தில் கண்ணாடி விழும் சத்தம் மெல்ல அடங்கியது.

“எழுதிக்கோ” என்றாள் என்னிடம்.

தாளை எடுத்தேன்.

“பெட்டி ஒண்ணு. வளையல் போட.”