மழையில் கரைந்த அடி

ஞாயிறு வழிபாடு முடிந்ததும் அமெரிக்காவின் துலூத் ஊர்த் தேவாலயத்து அடித்தளத்தில், விளையாட்டு வீரர்களின் படம் போட்ட அட்டைகளை வாங்கி விற்கும் சந்தை கூடிவிடும். காபிக் குடுவைக்குப் பக்கத்து மேசை ரெய்னோ கங்காஸுக்கு. கையெழுத்துக் கேட்டு யாராவது வந்தால் உண்டு; வராவிட்டால் கதை பேசுவார்.

பதினோரு வருடம் ஐஸ் ஹாக்கியில் கோல் காத்தவர். நடுவில் ஒரே ஒரு கோடை பேஸ்பால் ஆடப் போனார். மறு வசந்தத்தில் அவர் படம் போட்ட அட்டை வந்தபோது, அவர் மறுபடி பனிக்கட்டி மேல் நின்றிருந்தார். முன்பக்கப் படத்தில், ஹாக்கித் தடியைப் பிடிப்பதுபோல மட்டையைக் கைகளை அகட்டிப் பிடித்திருப்பார். பின்பக்கத்தில் கணக்கு: பதினான்கு முறை மட்டை பிடித்தார், அடித்தது பூஜ்யம்.

"பூஜ்யம் இல்ல, ஒண்ணு," என்று நாற்பது வருடமாகச் சொல்கிறார். அடித்தது மூன்றாவது சுற்றில். நான்காவதில் கொட்டியது மழை. ஐந்து சுற்று முடியாத ஆட்டம் கணக்கில் சேராது.

"வழுக்கிப் போன மீனெல்லாம் பெருசுதான் ரெய்னோ," என்பான் பக்கத்து மேசை வியாபாரி கோர்டி. ஊரே சிரிக்கும். ரெய்னோவும் சிரிப்பார், ஆனால் ஒருத்தராவது நம்ப மாட்டார்களா என்றிருக்கும்.

அன்று டார்லா என்ற பெண் அந்த அட்டையை விற்கக் கோர்டியிடம் வந்தாள். இறந்துபோன அப்பாவின் பெட்டியில் கிடைத்ததாம். கோர்டி திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"பின்னாடி பென்சில்ல கிறுக்கி வெச்சிருக்காரேம்மா. அட்டை கெட்டுப்போச்சு. இருங்க, ரப்பர் போட்டுப் பாப்போம்."

"என்ன கிறுக்கல்?" என்றார் ரெய்னோ.

"பூஜ்யத்தை அடிச்சுட்டு ஒண்ணுன்னு போட்டிருக்கார்."

"அப்பா அந்த மேட்சுக்குப் போயிருந்தாராம் சார்," என்றாள் டார்லா. "நம்ம ஊர்ப் பையன் ஆடுறான்னு மினியாபொலிஸ் வரைக்கும் வண்டி ஓட்டிட்டுப் போய், தொப்பலா நனைஞ்சு வந்தேன்னு சொல்லுவார்."

கோர்டியின் ரப்பர் அட்டையைத் தொடப்போனது. கோல் காத்த ரெய்னோவின் இடது கை பாய்ந்து ரப்பரைக் கோர்டியின் விரலோடு சேர்த்துப் பிடித்தது.

"யோவ், வலிக்குது! இந்த வயசுல இந்த வேகமா?"

"அதை அழிச்சே, உன்னை அழிச்சுருவேன்."

டார்லா சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டினாள். "அட்டை என்கிட்டயே இருக்கட்டும் சார். ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

எப்போதும் முன்பக்கத்தில்தான் போடுவார். இன்று அட்டையைத் திருப்பி, பென்சில் கோட்டில் மை படாமல், அந்த 'ஒன்று'க்குக் கீழே கவனமாகப் போட்டார்.

"அப்பா பேரு என்னம்மா?"