வினோதா பிரித்த இரண்டாம் கியர்

காரைக்கால் தலத்தெருவில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் வினோதா. பயிற்சிப் பள்ளி என்று பெயர் இருந்தாலும் இருப்பது ஒரே ஒரு பழைய வெள்ளைக் கார்தான். நானும் அதில்தான் கற்றேன். கிளட்சைச் சரியாக மிதிக்காமல் நான் கியர் போடுவேன், அது கறகறவென்று கத்தும், உடனே மன்னிப்புக் கேட்பேன். "எங்கிட்ட ஏங்க கேக்குறீங்க, வண்டிகிட்ட கேளுங்க" என்பார் வினோதா. ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை.

நெரவிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தார். வேலை கேட்டுப் போன இடங்களிலெல்லாம் அலுவலக நாற்காலியைக் காட்டினார்களே தவிர, ஸ்பானரைக் கையில் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டினார். பிள்ளைகளை ஏற்றிவிட வரும் அம்மாக்கள், எங்களுக்கும் சொல்லித் தருவீர்களா என்று கேட்கப்போய்த்தான் இந்தப் பள்ளி உருவானது. நிலையான வேலையை விடாதே என்று முதலில் தடுத்த கணவர் சசிதரனே கடைசியில் பெயர்ப்பலகை எழுதி வாங்கி வந்தார்.

போன வருடம் கிளிஞ்சல்மேட்டிலிருந்து குஞ்சம்மா வந்து சேர்ந்தார். வயது ஐம்பது இருக்கும். துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்துத் திருநள்ளாறு பக்கத்துக் கிராமங்களில் விற்பவர். வாடகை வண்டிக்காரர் வராத நாளில் ஐஸ் உருகி மீன் வீணாகிவிடும். சின்னதாக ஒரு வண்டி வாங்கித் தானே ஓட்டிவிட வேண்டும் என்று முடிவெடுத்து வந்திருந்தார். பயமில்லாத ஆள். ஸ்டீயரிங்கை மட்டும் துடுப்பு மாதிரி இறுக்கிப் பிடிப்பார்.

லைசென்ஸ் தேர்வு நெருங்கிய சமயம், ஒருநாள் காலையில் அரசலாற்றுப் பாலம் ஏறும்போது மூன்றாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு மாற்றினார். படாரென்று ஒரு சத்தம். காலடியில் இரும்புத் துண்டுகள் உருளுவது கேட்டது. வண்டி பாலத்தின் மேலேயே நின்றுவிட்டது. பின்னால் பேருந்து ஹாரன் அடிக்க, குஞ்சம்மா இறங்கித் தலையில் கைவைத்து நின்றார். மறுநாள் வகுப்புக்கு வரவில்லை. வினோதா போன் செய்தபோது, "மீன் அரிஞ்ச கையி டீச்சர், இதுக்கெல்லாம் ஆவாது. ஒங்க வண்டிய ஒடச்சிப்புட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கார் தமீம் அன்சாரியின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. கியர்பாக்ஸைக் கழற்றிப் பிரித்தார்கள். உள்ளே எண்ணெயில் இரும்புத்தூள் மின்னியது. இரண்டாம் கியரில் இரண்டு பற்கள் முறிந்திருந்தன. அந்தப் பற்கள் ஷாஃப்ட் என்கிற சுழல்தண்டோடு ஒன்றாக வார்த்தவை என்பதால் ஷாஃப்டையே மாற்ற வேண்டும். பழைய மாடல் வண்டி, பாகம் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார் தமீம்.

தேர்வுக்குக் காத்திருந்த பெண்களை நினைத்து வினோதா சும்மா இருக்கவில்லை. திருமலைராயன்பட்டினத்தில் ஜவஹர் அலியின் பழைய இரும்புக்கடைக்குப் போனார். மரத்தில் மோதி நசுங்கிய இதே மாடல் கார் ஒன்று அங்கே கிடந்தது. அதன் கியர்பாக்ஸின் வெளிக்கூடு பிளந்திருந்தது. அப்படியே எடுத்து மாட்ட முடியாது. ஆனால் பிளவுக்குள் டார்ச் அடித்து, ஷாஃப்டைக் கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு பல்லும் உடையவில்லை. அந்தக் கியர் பெட்டியை வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

தமீம் தயங்கினார். "ரெண்டு பொட்டிய ஒண்ணாக்குறது வம்பு, தங்கச்சி. பல்லும் பல்லும் சேந்து பழகுனது. ஜோடி மாறுனா கத்தும்."

"ஜோடியாவே மாத்திருவோம் அண்ணே. ஷாஃப்டும் அது கூட ஓடுற கியரும் அந்தப் பொட்டியிலேருந்து. கூடு நம்மளோடது. கழுவுறது, அடுக்குறது எல்லாம் நான் பாத்துக்குறேன்."

அப்படித்தான் வேலை தொடங்கியது. காலை வகுப்பு இல்லாததால் வினோதா விடிந்ததும் அங்கே போய்விடுவார். இரண்டு பெட்டிகளின் பாகங்களையும் டீசலில் கழுவி, பழைய சாக்கில் இரண்டு வரிசையாகப் பரப்பினார். பற்களை எண்ணி இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்தார். கியர் சத்தமில்லாமல் சேர உதவும் பித்தளை வளையங்களை ஒவ்வொன்றாகப் பொருத்தி, தேய்மானம் குறைந்ததைத் தேர்ந்தெடுத்தார். பேரிங்குகளை மட்டும் புதிதாக வாங்கினார்கள்.

முறிந்து விழுந்த பல் துண்டைக் கழுவும்போதுதான் ஒன்றைக் கவனித்தார். முறிந்த இடத்தில் பாதி கறுத்தும் பாதி பளபளப்பாகவும் இருந்தது. தமீமிடம் காட்டினார். கறுத்த பகுதி எப்போதோ விரிசல் விட்டு எண்ணெய் ஏறியது, பளபளப்பது மட்டும்தான் இப்போது விட்டுப்போனது என்றார் அவர். வினோதா கைகூடத் துடைக்காமல் அந்தத் துண்டைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குக் கிளம்பினார்.

ஏலம் முடிந்து கூடையில் ஐஸ் அள்ளிக்கொண்டிருந்தார் குஞ்சம்மா. வினோதா துண்டை நீட்டினார். குஞ்சம்மா அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கறுத்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். அழுக்கு இல்லை, போகவில்லை.

"இது பழைய காயம்ல?"

"ஆமாங்க்கா. நீங்க வர்றதுக்கு முன்னாடியே விட்டுப்போனது."

"அப்ப ஒடச்சது யாரு?"

"எங்கிட்ட படிச்ச எல்லாரும் சேந்துதான். அதுக்குத்தானே அந்த வண்டியே இருக்கு."

குஞ்சம்மா துண்டைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, வண்டி தயாரானதும் சொல்லுங்க என்று மட்டும் சொல்லிக் கூடையைத் தூக்கினார். இதைக் கேள்விப்பட்டபோது அந்தக் கறுத்த பாதியில் என் பங்கு எவ்வளவு என்று யோசித்துப் பார்த்தேன். கொஞ்சமாக இருக்காது.

பெட்டியை மூடி, காரில் ஏற்றி, புது எண்ணெய் ஊற்றினார்கள். தமீம் ஓட்டிப் பார்த்து எல்லாம் சரி என்றார். வினோதா ஓட்டினார். மூன்றாம் கியரில் போய்க்கொண்டே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும், கியர் தானாக நியூட்ரலுக்கு நழுவியது. தமீம் வேகமாகவே ஓட்டிப் பார்த்ததால் அது தெரியவில்லை. கற்றுக்கொள்ளும் பெண்களோ நிமிடத்துக்கு ஒருமுறை காலை எடுப்பார்கள். பழையபடி முழுவதையும் இறக்க வேண்டும் என்றதும் தமீமின் முகம் வாடியது. வினோதா ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். பிரித்துப் பார்த்தால், கியரைத் தள்ளும் கவை போன்ற ஃபோர்க்கின் நுனி தேய்ந்து மெலிந்திருந்தது. பழைய பெட்டியில் இருந்ததையே மாட்டியிருந்தார்கள். சாக்கில் கிடந்த இரும்புக்கடைப் பெட்டியின் ஃபோர்க்கை எடுத்து மாட்டினார்கள். இந்த முறை நழுவவில்லை. தமீம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, வேண்டுமென்றே காலை எடுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

வகுப்புக்குத் திரும்பி வந்த குஞ்சம்மா முதல் தடவையிலேயே தேர்வில் தேறினார். இப்போது நீல நிறத்தில் சொந்தமாக ஒரு சின்ன வண்டி வைத்திருக்கிறார். அம்பகரத்தூர் வரை மீன் போகிறது.

தமீமும் மாறித்தான் போனார். கியர்பாக்ஸ் வேலை முடிந்த வண்டிகளை இப்போது வினோதா ஓட்டிப் பார்க்காமல் கொடுப்பதில்லை. சிக்கலான பெட்டி என்றால் பிரிக்கும்போதே கூப்பிட்டுவிடுகிறார். போன வாரம் நான் தலத்தெருவில் வினோதாவைப் பார்த்தபோதும் தமீமிடமிருந்து போன் வந்தது. ஒரு கல்லூரி மாணவிக்கு வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தச் சொல்லிக்கொடுத்தபடியே, "வகுப்பு முடியட்டும் அண்ணே, வந்து தொறக்கலாம். அதுவரைக்கும் கைய வைக்காதீங்க" என்றார் வினோதா.