தவிட்டம்மாளும் பிள்ளைமேடும்

போன வாரம் மலையடிவாரத்திலிருந்து தவிட்டக்காவின் மகன் போன் செய்தான். "அம்மா வழியிலயே பூட்டாங்க சித்தி" என்றான். நெஞ்சுவலி வந்தவரைப் போர்வையில் தூளி கட்டித் தூக்கி வந்திருக்கிறார்கள். கீழே ஆம்புலன்ஸ் காத்துக்கொண்டிருந்தது. அது மேலே ஏற வழி இல்லை.

கல்வராயன் மலைத் துணைச் சுகாதார நிலையத்தில் அக்காவோடு பல வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். இதைப் படிக்கும் உங்களில், அவரிடம் பிரசவம் பார்த்துக்கொண்ட பலருக்குத் தவிட்டம்மாள் என்ற பேர் சிரிப்பாக இருந்திருக்கும். முதல் நாளே நானும் கேட்டேன். அவருக்கு முன் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லையாம். அதனால் இவரைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கிறார் அவர் அம்மா. தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையை எமன் சீண்டமாட்டானாம். "நானு மலிவுன்னுதான் உட்டு வெச்சிருக்கான்" என்று சிரித்தார்.

அவர் ஊர் பிள்ளைமேடு. கேட்டால் குழந்தைகள் விளையாடும் இடம் என்று தோன்றும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் இறந்த பிள்ளைகளைப் புதைத்த மேடு அது. அந்த மூவரும் அங்கேதான் கிடக்கிறார்கள்.

அந்தப் பேரைக் கேட்டாலே யாரும் பெண் தருவதில்லை என்று ஊர் கூடி, புதூர் என்று மாற்றியது. அக்கா ஒருவர்தான் எதிர்த்தார். கல்யாணத்துக்குக் காத்திருந்த சொந்த மகனே முறைத்தான். அவனிடம் அவர் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"ரோடு வரட்டும்டா. அப்பறம் இன்னா பேரு வேணா வெச்சிக்கோங்க. இந்தப் பேரும் போச்சின்னா, எதுக்கு ரோடு கேக்கறோம்னே மறந்துபூடும்."

யார் கேட்டார்கள்? புதூருக்கு மருமகள் வந்தாள். ரோடு வரவில்லை.

சாவுக்குப் போனேன். போஸ்டரில் அக்கா பேரை 'புதூர் தமிழ்ச்செல்வி' என்று மாற்றிப் போட்டிருந்தார்கள். சம்பந்தி வீட்டார் பார்ப்பார்களே என்றான் மகன். அவன்மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. அக்காவை அந்த மேட்டிலேயே, மூன்று பேருக்கும் பக்கத்தில் புதைத்தார்கள்.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அந்த இரண்டு பழைய பேர்களைத்தான் வைத்திருக்கிறேன். வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன் என்றும் தெரியவில்லை.

நேற்று நிலையத்துக்கு நிறைமாதப் பெண் ஒருத்தி வந்தாள். எந்த ஊர் என்றேன். புதூர் என்றாள். பிள்ளைமேடா என்று கேட்டேன். அப்படி ஒரு ஊரையே அவள் கேள்விப்பட்டதில்லை.

"வலி வர்றதுக்கு முன்னாடியே கீழ எறங்கி வந்துடும்மா" என்று சொல்லி அனுப்பினேன்.