கட் சொல்ல மறந்த அக்கா

என் அக்கா இருபது வருடமாக சினிமாவில் அம்மா. தன்னைவிட வயதில் மூத்த ஹீரோவுக்குக்கூட அம்மாவாக, தலையில் வெள்ளை பூசிக்கொண்டு அழுதிருக்கிறாள். நிஜத்தில் அவளுக்குக் குழந்தை இல்லை. ஒரு தாயைப் பற்றிய நாவலை அவளே படமாக இயக்கப் போகிறாள் என்றதும், "பெத்திருந்தாத்தானே தெரியும்?" என்று ஆளாளுக்கு வாயைத் திறந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாவலை எழுதிய எழுத்தாளரம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. முதல் காட்சி பிடிக்காவிட்டால் கதையைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, படப்பிடிப்பில் எங்கள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டார்.

காட்சி இதுதான்: தூக்கமில்லாத தாய் அழுகிற குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்துகிறாள். குழந்தையாக நடித்தது என் கைக்குழந்தை, என் மகள். துணைக்கு என் வீட்டுக்காரர் உள்ளே அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்தார்.

நடிகை கதவைச் சாத்தினாள். அக்கா "கட்" சொல்லவில்லை. நடிகை வேறு வழியில்லாமல் தரையில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்தாள். உள்ளே அழுகை நின்றது. அப்பாடா என்று கண்ணை மூடினாள். அடுத்த நொடியே திடுக்கிட்டு எழுந்து, கதவை ஓசைப்படாமல் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, கட் சொல்லலையா?" என்றார் கேமராமேன்.

"ஐயையோ! அதை நான்தான் சொல்லணுமா? யாராவது சொல்வாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்துட்டேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். எழுத்தாளரம்மா சிரிக்கவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"புத்தகத்துல கதவைச் சாத்துனதோட நிறுத்திட்டேன்," என்றார். "கல்நெஞ்சக்காரின்னு எல்லாரும் திட்டுனாங்க. அன்னிக்கு நான் திறந்து பாத்ததை எழுதவே இல்லம்மா. அது படத்துல இருக்கட்டும்."

"அப்போ கதை...?"

"உனக்குத்தான். வேற யாருக்கு?"

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். இந்த அழுகைக்கு அவளுக்கு யாரும் சம்பளம் தரவில்லை.

நான் அறைக்குள் ஓடினேன். அலமாரிக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், நல்ல காவல். தொட்டிலில் மகளும் அசையாமல் தூங்கினாள். தூங்குகிறாள் என்று தெரியும். ஆனாலும் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது. எனக்கும்.